செட்டியார்பட்டியில் வண்டி பார்த்த கதை

ராஜபாளையம் தாண்டித் தென்காசிச் சாலையில் சேத்தூர் வந்துவிட்டால் மேற்கு மலை மிகப் பக்கத்தில் தெரியும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் முகவூர், தளவாய்புரம், செட்டியார்பட்டி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எந்த வீட்டோடு ஓர் ஊர் முடிகிறது, எந்த வீட்டில் அடுத்தது தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓடுகிறது. சத்திரப்பட்டிக்கு பேண்டேஜ் துணி என்றால், இந்த ஊர்களுக்கு நைட்டியும் உள்பாவாடையும்.

துணி பண்டலாக வந்து இறங்கும். வெட்டும் இடத்தில் வெட்டி, தைக்கிற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தைத்ததைத் திரும்ப வாங்கி, மடித்துக் கட்டி, ராஜபாளையத்துப் பார்சல் ஆபீசில் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு வண்டி வேண்டும். லாரி இந்தத் தெருக்களில் திரும்பாது. சைக்கிளும் மொபெட்டும் போதாது. 2005இல் வந்த டாடா ஏஸ், தமிழ்நாட்டில் சின்ன யானை என்று பெயர் வாங்கிய வண்டி, இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் பொருந்தியது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், முக்கால் டன் பாரம், நான்கு கியர். முன்னாலும் ஸ்பிரிங் பட்டை, பின்னாலும் ஸ்பிரிங் பட்டை. எளிமையான வண்டி என்பதால் எங்கே வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். அதே காரணத்தால் பத்து வருடம் ஓடிய பிறகும் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

தளவாய்புரத்தில் என் சித்தி மகன் சின்னதாகத் தையல் கூடம் நடத்துகிறான். சின்ன யானை ஒன்று செட்டியார்பட்டியில் விலைக்கு இருக்கிறது, பார்க்க வாங்க என்று கூப்பிட்டான். எனக்கு வண்டியை ஓட்டத் தெரியும், கேட்கத் தெரியாது. கேட்கத் தெரிந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக லாரிக்கும் வேனுக்கும் அடிவேலை பார்த்தவர். இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

ஒரு புரட்டாசிக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் சேர்ந்துகொண்டோம். கார் வைத்துக்கொள்ளலாமே என்றேன். “பஸ்ஸுல வாங்க தம்பி, உங்களுக்குக் காது பழக்கணும்” என்றார். பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிற இருக்கையைத் தேடி உட்கார வைத்தார். பஸ் ஊரைத் தாண்டி வேகம் பிடித்ததும் தரைக்கடியிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. “டிரைவர் இப்ப காலை எடுப்பாரு, கேளுங்க.” எதிரே மாட்டு வண்டி வந்தது. டிரைவர் ஆக்சிலேட்டரை விட்டார். ஊளை சட்டென்று சுருதி மாறித் தணிந்தது. மறுபடி மிதித்ததும் பழைய குரல் திரும்பியது. “அது கிரவுன், பின் ஆக்சிலுக்குள்ள இருக்கிற பெரிய பல்சக்கரம். பல்லோட ஒரு பக்கம் அழுத்தும்போது ஒரு சத்தம், மறு பக்கம் அழுத்தும்போது வேற சத்தம். பெரிய வண்டிக்கு இது சகஜம். சின்ன வண்டில இது கேட்டா நின்னு யோசிக்கணும்.” ராஜபாளையம் வருவதற்குள் பிரேக் லைனிங் உரசுவது எது, படிக்கட்டுத் தகரம் ஆடுவது எது, பட்டை முனங்குவது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். இரைச்சல் என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கியிருந்த ஒன்றுக்குள் இத்தனை குரல்கள் தனித்தனியாக இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் காதில் ஏறியது.

வண்டி விற்பவர் வயதானவர். வாசலில் வண்டியை நிறுத்திக் கழுவி வைத்திருந்தார். அண்ணாச்சி வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் குனிந்து சைலன்சர் குழாயைப் புறங்கையால் தொட்டார். சூடாக இருந்தது. “ஐயா, காலைல எடுத்தீங்களோ?” “கழுவுறதுக்கு எடுத்தேன்.” “ஆறட்டும். நாங்க டீ குடிச்சிட்டு வாறோம்.”

குளிர்ந்த என்ஜினில்தான் சில சத்தங்கள் வெளியே வரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் மயிரிழை விரிசல் இருந்தால் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக்கென்று தட்டும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொண்டு சத்தம் அடங்கிவிடும். விற்பவர் வேண்டுமென்றே சூடாக்கி வைத்தார் என்று சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் முந்தின நாளே போன் செய்து, நாங்கள் வரும்வரை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

டீக்கடையில் நேரம் போனது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் பெண்கள் நைட்டிக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி மகன் வண்டியின் நிறத்தைப் பற்றியும் புது டயரைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தான். அண்ணாச்சிக்கு அதில் ஆர்வமே இல்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். டி.என். 69. தூத்துக்குடிப் பதிவு. ராஜபாளையம் பக்கத்து வண்டிக்கு டி.என். 84 என்று ஸ்ரீவில்லிபுத்தூர் எண்தான் இருக்கும். பழையது என்றால் விருதுநகரின் 67. “கடற்கரை வண்டிண்ணா அடியில துரு பாக்கணும். அதோட இன்னொண்ணும் பாக்கணும்” என்றார். அந்த இன்னொன்று என்ன என்று அப்போது சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது குழாய் ஆறியிருந்தது. சக்கரங்களுக்கு அண்டைக்கல் கொடுத்து, சாக்கை விரித்து, அண்ணாச்சி அடியில் போனார். இந்த வயதிலும் அவர்தான் போனார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கடியில் தலையைக் கொடுக்காதீர்கள் என்று அடியிலிருந்தே சொன்னார். சக்கரத்தைத் தூக்கினால் கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான்.

நான் டார்ச் பிடித்தேன். பின்பட்டையில் ஓர் இலை மட்டும் துருவின் நிறம் மாறித் தெரிந்தது. “பாத்தீங்களா, எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கு. முக்கால் டன் வண்டில ஒண்ணரை டன் ஏத்தியிருப்பாங்க.” துணி பண்டலுக்கு யாரும் பட்டை சேர்ப்பதில்லை. செங்கலோ உப்போ ஓட்டியிருக்க வேண்டும். அதிகப் பாரம் பட்டையோடு நிற்பதில்லை. பின் ஆக்சில், வீல் பேரிங், கிரவுன், கிளட்ச் என்று வரிசையாகத் தின்றுகொண்டே போகும். சத்தம் வருவதற்கு முன்பே அதன் காரணம் அங்கே எழுதியிருக்கிறது.

பிறகு புரப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து இடமும் வலமும் முறுக்கினார். நடுவில் சிறிது ஆட்டம். அதன் இரு முனையிலும் இருக்கும் கிராஸ் ஜாயின்ட்டைப் பற்றி அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்து விளக்கிய அதே இணைப்பு இது. கோணத்தில் சுழலும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். அதைச் சரிக்கட்டத்தான் மறுமுனையில் இன்னொரு ஜாயின்ட். இரண்டின் கவைகளும் ஒரே வாக்கில் இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடு செய்துவிடும். ஷாஃப்டைக் கழற்றிய யாரோ குறி போடாமல் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், உதிரிபாகம் எல்லாம் புதிதாக இருந்தாலும் வண்டி அதிரும். அண்ணாச்சி இதைக் கணக்காகப் படித்தவர் இல்லை. ஷாஃப்டைக் கழற்றுமுன் பஞ்ச் வைத்துக் குறி போடாத பையனைப் பட்டறையில் சேர்க்கவே மாட்டேன் என்றார்.

இனி ஓட்டம். சித்தி மகன் ஸ்டியரிங், நான் நடுவில், அண்ணாச்சி ஜன்னலோரம். பாட்டை நிறுத்தச் சொன்னார். முதலில் தெருவிலேயே இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர் இருக்கிற இடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, நடக்கிற வேகத்தில் போகச் சொன்னார். திறந்த வெளியில் காற்றோடு போய்விடுகிற சின்னச் சத்தங்களைச் சுவர் திருப்பித் தருகிறது. முன்பக்க டயரில் கல் ஒன்று மாட்டிக்கொண்டு தரையைத் தட்டுவதுகூடக் கேட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கிணற்றுக் கப்பி மாதிரி கிரீச்சென்றது. ஸ்பிரிங் பட்டையின் ஷாக்கிள் புஷ் காய்ந்து தேய்ந்திருக்கிறது. கூடவே கடகடவென்று தகர ஒலி. சித்தி மகனின் முகம் வாடிவிட்டது. அண்ணாச்சி அசையவில்லை. “சைலன்சர் கிளாம்ப் லூசு. டீ குடிக்கிற நேரத்துல சரி பண்ணிரலாம். அதை விடு, மெயின் ரோட்டுக்குப் போ.”

ஊருக்கு வெளியே இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் காலியான சாலை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது அடியில் மிக மெல்லிதாக ஒன்று தொடங்கியது. சொல்லியிருக்காவிட்டால் எனக்குக் கேட்டிருக்காது. காலையில் பஸ்ஸில் கேட்டதற்குத் தம்பி மாதிரியான சத்தம். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பேசாமல் செய்த சோதனைகளை வாங்குகிற எவரும் செய்யலாம். அதே வேகத்தில் நியூட்ரலில் தள்ளி, என்ஜினை அணைக்காமல் உருளவிடச் சொன்னார். சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் அது என்ஜினுடையது அல்ல, சக்கரங்களோடு சேர்ந்து சுழல்கிற ஏதோ ஒன்று. நின்றிருந்தால் என்ஜின், கிளட்ச் பக்கம் தேட வேண்டும். அடுத்து ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கமும் வலப்பக்கமும் வளைக்கச் சொன்னார். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். வீல் பேரிங் கெட்டிருந்தால் ஒரு பக்கம் வளைக்கும்போது ஒலி கூடி, மறுபக்கம் குறையும். இங்கே மாறவில்லை. பழைய தார் ரோட்டிலிருந்து புதிதாகப் போட்ட சிமென்ட் சாலைக்குள் விட்டார். கோணலாகத் தேய்ந்த டயரும் இதே மாதிரி ஊளையிடும், ஆனால் தரை மாறினால் அதன் குரல் மாறிவிடும். இதுவும் மாறவில்லை. கடைசியாக ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பார்த்தார். மாறியது.

“கிரவுன் பினியன்தான்” என்றார். இத்தனைக்கும் பத்து நிமிடம் ஆகவில்லை.

நின்ற இடத்தில் கிளட்ச்சையும் பார்த்தார். மிதித்தால் சத்தம் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா என்று கவனித்தால் போதும். மிதிக்கும்போது வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றுபோனால் கியர் பாக்ஸின் உள்தண்டு பேரிங். இங்கே இரண்டும் இல்லை. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிப் போட்டபோது டணார் என்று ஒரு தட்டு விழுந்தது, கிராஸ் ஜாயின்ட்டில் கையால் கண்ட அதே ஆட்டம். அது மாற்றக்கூடியது, செலவு பெரிதல்ல.

திரும்பி வந்து பெரியவரிடம் இன்னொரு உதவி கேட்டோம். வீட்டில் இருந்த துணி பண்டல்களை ஏற்றி ஓட்டிப் பார்க்கலாமா என்று. அவர் முகம் சுளிக்காமல் ஆள் விட்டு ஏற்றிக் கொடுத்தார். காலி வண்டியில் கேட்டதை மட்டும் வைத்து வியாபார வண்டியை வாங்குவது சரியில்லை. பாரம் ஏறினால் பட்டை தாழும், ஷாஃப்டின் கோணம் மாறும், கிரவுன் பற்களின் அழுத்தம் கூடும். நினைத்தபடியே மெல்லிய ஊளை இப்போது எனக்கே தெளிவாகக் கேட்டது. ஏற்றத்தில் இன்னும் உயர்ந்தது.

பெரியவர் நேர்மையானவர். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சம்மதித்து அவரும் கூட வந்தார். ராஜபாளையத்தில் அண்ணாச்சிக்குத் தெரிந்த பிட்டில் வண்டியை ஏற்றி, பின் ஆக்சிலின் கீழே இருக்கிற டிரெயின் நட்டைத் திறந்தார்கள். கிரவுன் ஆயில் கறுப்பாகவோ தேன் நிறத்திலோ வர வேண்டும். வந்தது மோர் கலந்ததைப் போன்ற வெளுப்பு. நட்டின் நுனியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. அண்ணாச்சி ஒரு சொட்டை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார்.

“இது தண்ணி குடிச்ச வண்டி.”

அவர் காலையில் சொல்லாமல் விட்ட இன்னொன்று இதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை உடைத்து ஓடியது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகள் ரயிலோடு சிக்கினார்கள். வீடும் வயலும் மூழ்கியபோது தெருவில் நின்ற வாகனங்களும் மூழ்கின. 2015 டிசம்பரில் சென்னையில் நடந்ததும் இதுவே. தண்ணீர் வடிந்த பிறகு கழுவி, சீட்டு உறை மாற்றி, பெயின்ட் தடவி விட்டால் மேலே எதுவும் தெரிவதில்லை. ஆக்சிலுக்குள் புகுந்த நீர் மட்டும் அங்கேயே இருக்கும்.

அது எப்படிப் புகுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின் ஆக்சில் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி, காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நாள்கணக்கில் மூழ்கி நின்ற வண்டியில் உறிஞ்சலே தேவையில்லை, தானாகக் கசியும். தண்ணீர் கலந்த எண்ணெய்க்குப் பற்களுக்கு இடையே படலமாக நிற்கும் வலு போய்விடுகிறது. பேரிங் உருளைகளில் துருப்புள்ளி விழுகிறது. அந்தப் புள்ளிகள் மேல் உருண்டு உருண்டுதான் மாதங்கள் கழித்து ஊளை பிறக்கிறது. வெள்ளம் வடிந்த வாரத்திலேயே எல்லா எண்ணெயையும் மாற்றியிருந்தால் இந்த வண்டி பிழைத்திருக்கும்.

பெரியவர் 2024இல் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இடைத்தரகர் வழியாக வாங்கியிருக்கிறார். அவருக்கும் யாரும் சொல்லவில்லை. பிட்டின் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ட்ரா பட்டையும் அவர் போட்டதல்ல. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன: ஆர்.சி. புத்தகம், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், இதற்கும் எடுத்திருக்கிறார்கள். எஃப்.சி. பரிசோதனை பிரேக், விளக்கு, புகை, ஹாரன் பார்க்கும். ஆக்சிலுக்குள் எண்ணெய் என்ன நிறம் என்று பார்ப்பதில்லை. இன்சூரன்ஸ் தாளில் ஒரு தடயம் சில சமயம் கிடைக்கும்: முழு பாலிசி தொடர்ந்து எடுத்த வண்டியில் நோ கிளெய்ம் போனஸ் திடீரென இல்லாமல் போயிருந்தால், அதற்கு முந்தைய ஆண்டு ஏதாவது இழப்பீடு வாங்கியிருக்கிறார்களா என்று கேள்வி கேட்கலாம். இந்த வண்டிக்கு வெறும் மூன்றாம் நபர் காப்பீடுதான். அந்த வழியும் அடைபட்டிருந்தது. ஆகவே இதன் கடந்த காலத்தைச் சொல்ல மிச்சமிருந்தவை அந்தச் சத்தமும் அது காட்டிக்கொடுத்த எண்ணெயும்தான்.

சித்தி மகனுக்கு ஆசை விடவில்லை. விலையைக் குறைத்து வாங்கி கிரவுனை மாற்றிக்கொண்டால் என்ன என்றான். அண்ணாச்சி கேட்டார்: “கிரவுனை மாத்துவ. கியர் பாக்ஸுக்குள்ள தண்ணி போகலன்னு உனக்கு யார் சொன்னா? ஸ்டார்ட்டர், வயரிங்? செங்கோட்டை கணவாய்ல பாரத்தோட இறங்கும்போது பின் ஆக்சில் பூட்டிக்கிட்டா வண்டில யார் இருப்பா?” கேரளத்துக்குச் சரக்கு போகிறவர்களுக்கு அந்தச் சாலை தெரியும். பினியன் பேரிங் இறுகிப் பூட்டிக்கொண்டால் பின்சக்கரங்கள் இரண்டும் ஓடுகிற வேகத்திலேயே நின்றுவிடும். அதன் பிறகு அவன் பேசவில்லை.

வண்டியை வாங்கவில்லை. அண்ணாச்சி பெரியவருக்கே யோசனை சொன்னார்: எண்ணெய் எல்லாம் மாற்றி, பின் ஆக்சிலைப் பிரித்துப் பார்த்து, ஊருக்குள் சில்லறைப் பாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விற்பதானால் சொல்லி விற்றுவிடுங்கள். பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பிட்டுக்கும் புது எண்ணெய்க்கும் சித்தி மகன் கொடுத்தான். பெரியவர் எங்களைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

எனக்கு அன்று உறுத்தியது வேறொன்று. எங்களைக் கலவரப்படுத்திய தகரச் சத்தத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. கேட்காமலே விட்டிருக்கக்கூடிய மெல்லிய ஒலியில்தான் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் போயிருக்கும். செட்டியார்பட்டியில், தளவாய்புரத்தில், இதுபோன்ற எத்தனையோ சிற்றூர்களில் பழைய சின்ன யானை வாங்குகிறவர்கள் பணக்காரர்கள் அல்ல. மகளிர் குழுக் கடனும் நகைக் கடனும் சீட்டுப் பணமும் சேர்ந்த தொகை அது. மெக்கானிக்கை அழைத்துப்போகும் கூலி அந்தத் தொகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அதனால் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். பாட்டை நிறுத்துங்கள், பாரம் ஏற்றி ஓட்டுங்கள், பின் ஆக்சில் எண்ணெயைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கலாம். அவற்றை விற்பவர்களும் தரகர்களும் வாங்குகிறவரிடம் அதைச் சொல்லி விற்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கியதாக இழப்பீடு தரப்பட்ட வாகனம் என்ற குறிப்பு ஆர்.சி. விவரங்களிலேயே யார் பார்த்தாலும் தெரியும்படி இருக்க, போக்குவரத்துத் துறையும் காப்பீட்டு நிறுவனங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும்.